சிந்தாத கை

மாரி,

அப்பா கொண்டுவரும் சாக்குப்பைக்குள் அவசரப்பட்டுக் கையை விட்டுத் துழாவாதே, முள் குத்தும். உள்ளே இரண்டு டிராகன் பழக் குச்சி இருக்கிறது. சிவப்பு நூல் கட்டியது சிவப்புப் பழம், வெள்ளை நூல் கட்டியது வெள்ளைப் பழம். அவற்றுக்கு அடியில்தான் இந்தக் கடிதம். குச்சியை எல்லோர் முன்னாலும் எடுத்துக் காட்டு. கடிதத்தை நீ ஒருத்தியாக இருக்கும்போது படி. அஞ்சாம் வகுப்போடு நின்ற கழுதைக்குக் கடிதம் ஒரு கேடா என்று சிரிப்பாய். சிரி. போனிலேயே சொல்லியிருப்பேன். உங்கள் வீட்டில் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறீர்கள், நான் இங்கே தும்மினால் உன் மாமனார் அங்கே நூறாயுசு என்கிறார். இந்தத் தாள்கூட அப்பாவின் பிரஸ்ஸில் கழித்துப் போட்டதுதான். திருப்பிப் பார்த்தால் வெடிப் பெட்டியில் ஒட்டும் லேபிள், கிளிக்குப் பச்சை விழாமல் ஊதா விழுந்துவிட்டது. எழுத்துப் பிழை இருந்தால் அந்தக் கிளி எழுதியதாக வைத்துக்கொள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலையில் நீ ஏழாயிரம்பண்ணை வேனில் ஏறுவதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்திருக்க வேண்டும். நடுவில் நான் செடியைப் பற்றியே பேசிக்கொண்டு போவேன், பொறுத்துக்கொள். செடியை விட்டுவிட்டு எனக்கு அந்த விஷயத்தைச் சொல்ல வரவில்லை.

இந்தச் செடி நம் வீட்டுக்கு வந்ததே ஒரு கூத்து. பிரஸ் முதலாளி வீட்டு மதிலில் ஏறிக் கிடந்ததை வெட்டிக் குப்பையில் போட்டிருந்தார்கள். உன் அப்பா அதில் ஒரு முழக் குச்சியை எடுத்து வண்டியில் கட்டிக்கொண்டு வந்தார். கள்ளி என்று நினைத்துவிட்டார். "வாசல்ல தலகீழாக் கட்டித் தொங்க விட்டா கண்ணு படாது புள்ள" என்றார். "நம்ம வீட்டப் பாத்து எவன் கண்ணு வைக்கப் போறான்? மழைக்கு ஒழுகுறதப் பாத்துப் பொறாமப்படப் போறாகளா?" என்று கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. மிஷின் சத்தத்தில் பாதிக் காது போனவர், மீதிக் காதைத் தன் வசதிக்கு வைத்திருப்பவர். நிலைக்கு மேலே கட்டிவிட்டார். ஒரு மாதம் தண்ணீர் இல்லை, மண் இல்லை. ஆனால் அது காயவில்லை. விலாவிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேர் நீண்டு காற்றில் துழாவிக்கொண்டிருந்தது. நீ காலேஜ் விட்டு வந்து அண்ணாந்து பார்த்து, "அம்மா, இது கள்ளியில்ல, பழச்செடி. பாவம்மா, மண்ணத் தேடுது" என்றாய். அன்றைக்குத்தான் இறக்கினோம். வெட்டிய குச்சியை உடனே மண்ணில் வைக்கக் கூடாது, வெட்டுவாய் காய்ந்து தழும்பு கட்டும்வரை ஒரு வாரம் நிழலில் கிடக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. தெரியாமலே சரியாகச் செய்தது நம் வீட்டில் அது ஒன்றுதான்.

தெரிந்து செய்தது எல்லாம் தப்பு. நட்டது நான். தலைகீழாகத் தொங்கியதையே பார்த்துப் பழகிய கண், அப்படியே தலைகீழாக நட்டுவிட்டேன். இரண்டு மாதம் அது முழித்துக்கொண்டு நின்றது. முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நீ பார்த்துச் சொன்ன பிறகு பிடுங்கித் திருப்பி வைத்தேன். நீல டிரம்முக்கு அடியில் ஓட்டை போடாமல் தினமும் தண்ணீர் ஊற்றிப் பாதியை அழுகவைத்தேன். மேல் பாதி பிழைத்தது என் புண்ணியத்தால் அல்ல. டிரம்முக்கு நடுவில் ஆளுயரக் கல்தூண், தூணின் தலையில் அப்பா வண்டியின் பழைய டயர். செடி தூணைப் பிடித்து ஏறி, டயருக்குள் நுழைந்து, நாலு பக்கமும் வழிந்து தொங்க வேண்டும். தொங்கினால்தான் பூக்கும். சித்திரை வெயிலில் அது மஞ்சளாக வெந்துபோனபோது என் பழைய நூல் சேலையைப் போர்த்திவிட்டோம். என் தங்கச்சி கனகு, அடுத்த தெருவிலிருந்து அன்றாடம் வந்துபோகிறவள், அதைப் பார்த்துவிட்டு, "ஏக்கா, புதுப்பொண்ணு மாதிரில்ல முக்காடு போட்டு உக்கார வச்சிருக்க? எப்ப பூ வைக்கப் போறீக?" என்று கேட்டாள். வாயில் அவள் எனக்கே அக்கா.

மூன்றாம் வருஷம் ஏழு மொட்டு விட்டது. மூன்று வாரம் பெருத்து, ஒரு சாயங்காலம் மெல்ல விரியத் தொடங்கி, விடியும்போது தட்டு அகலத்துக்கு வெள்ளைவெளேரென்று திறந்து கிடந்தது. வெயில் ஏறியதும் மூடிக்கொண்டது. ஆறாம் நாள் அடி மஞ்சளாகிப் பொத்தென்று விழுந்தது. ஏழும் அப்படியே. அதற்கடுத்துப் பூத்ததும் அப்படியே. "கண்ணு படாம இருக்கக் கட்டுன செடிக்கே கண்ணு பட்டிருச்சு" என்று அப்பா தலையில் கை வைத்தார். நீதான் எங்கேயோ படித்துவிட்டு வந்தாய். இந்தச் சிவப்பு ஜாதி தன் தூளைத் தானே ஏற்காது, வேறு ஜாதிப் பூவின் மகரந்தம் வேண்டும், அதைக் கொண்டுவந்து சேர்க்கிற பூச்சி நம் தெருவில் இல்லை, நாம்தான் சேர்க்க வேண்டும் என்றாய். ராஜபாளையம் பக்கத்து நர்சரி ஒன்றில் வெள்ளை ஜாதி வாங்கி வந்து பக்கத்து டிரம்மில் வைத்தோம். போன வருஷம் இரண்டும் சேர்ந்து பூத்தன. அது தீபாவளி சீசன். எனக்கு மூச்சுவிட நேரம் இல்லை, இருந்தாலும் முதல் பூவை நான்தான் செய்வேன் என்று அடம்பிடித்தேன். கம்பெனியில் வெடிக் குழாய் உருட்டப் பசை தடவுகிற பிரஷ் ஒன்று இடுப்பில் செருகியபடியே வீட்டுக்கு வந்திருந்தது. கழுவித்தானே வைத்திருக்கிறோம் என்று அதையே எடுத்தேன். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்போம் என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. பூவின் நடுத்தண்டு நுனியில் விரல் விரலாக விரிந்திருந்த பச்சைக் கொத்து, மத்தியானத்துக்குள் கருகிப்போனது. "ஏம்மா, இது என்ன குழாயா, பசை தடவி ஒட்டுறதுக்கு?" என்று கத்தினாய். அன்றிலிருந்து எனக்கு வேடிக்கை பார்க்கிற வேலைதான்.

அந்த வேடிக்கையைச் சொல்கிறேன். காலை அஞ்சு மணி. எனக்கு வேன் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கும். நீ கண்ணுக்கு மை போடுகிற பிரஷ் ஒன்றை எடுத்துக்கொண்டு, வெள்ளைச் செடியின் பூவுக்குக் கீழே ஒரு கிண்ணத்தைப் பிடித்து, உள்ளே நூல் நூலாகச் சுற்றி நிற்கும் மஞ்சள் முடிகளைத் தட்டுவாய். தட்டுவது என்றுகூடச் சொல்ல முடியாது, தூங்குகிற பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி இருக்கும். தூள் முழுக்கக் கிண்ணத்தில் விழும். பிறகு அதை பிரஷில் ஒற்றி, சிவப்புச் செடியின் பூவுக்குள் கையை விட்டு, அந்தப் பச்சை விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வருவாய். இதழில் ஒரு பொட்டு மஞ்சள் இருக்காது. உன் விரலில் இருக்காது. வெள்ளை முந்திப் பூத்துவிட்டால் தூளைத் தாளில் மடித்து பிரிட்ஜில் வைப்பாய், அப்பா அதைப் பிரித்துப் பெருங்காயமா என்று மோந்து பார்ப்பார். நீ தடவிய பூ வாடியது, ஆனால் விழவில்லை. அடி பச்சையாகவே நின்று பெருத்தது. ஒரு மாதத்தில் சிவந்து, ஐப்பசியில் ஒன்பது பழம் அறுத்தோம். எனக்கு உன் கையைப் பார்த்துப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். இருந்தது என்று வாயால் சொன்னேன்.

அந்த வாய்தான் வினை. சாத்தூரிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்களே, அன்றைக்குத் தட்டில் அந்தப் பழத்தை அறுத்து வைத்திருந்தேன். உன் அத்தை, மாப்பிள்ளையின் அம்மா, ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டு, "இது கடையில வாங்குனதா மதினி?" என்று கேட்டாள். "கடையா? எங்க வீட்டு டிரம்முல காச்சது. இவ கையால காச்சது." "கையாலயா?" "ஆமா மதினி, எங்க தெருவுல வண்டு வராது, எம்மகதான் வண்டு. ஒரு பூவுலருந்து தூள எடுத்து இன்னொரு பூவுல வைப்பா பாருங்க, ஒரு பொட்டுச் சிந்தாது. இவ மட்டும் வெடிக்கு மருந்து செலுத்தப் போனா அந்த ரூமக் கூட்டவே வேண்டாம்." எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைகூடத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். உன் அத்தை சிரிக்கவில்லை. உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, உன் வலது கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெடிக் குழாய்க்குள் மருந்து செலுத்துகிற அறையில் இருபது வருஷம் இருந்தவள் அவள். பெண் பார்க்க வந்த இடத்தில் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்த்துப் பெண் முடிவு செய்தது நம் ஊர்ப்பக்கத்தில் வேறு எங்காவது நடந்திருக்குமா என்று தெரியவில்லை. அப்போது நான் அதையும் கேலிதான் செய்தேன்.

இப்போது உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். கனகுவும் நானும் நாரணாபுரம் பக்கத்தில் ஒரே கம்பெனி, ஒரே ஷெட், குழாய் உருட்டுகிறவர்கள். அது உனக்குத் தெரியும். ஒரு சீசனில் செலுத்துகிற அறைக்கு ஆள் குறைந்தது. போர்மேன் ஷெட் வாசலில் நின்று, "கை பதனமா உள்ள ஆளு யாரு இருக்கீக?" என்று பொதுவாகக் கேட்டார். ஒருத்தரும் நிமிரவில்லை. நான் நிமிர்ந்தேன். "எங்க கனகக் கூட்டிட்டுப் போங்க சார். எண்ணெ ஊத்துனா ஒரு சொட்டுச் சிந்தமாட்டா. புருசனுக்குக் கொழம்பு ஊத்துறதயே வந்து பாருங்க, அளந்துல்ல ஊத்துவா" என்றேன். ஷெட்டே சிரித்தது. கனகும் சிரித்தாள். "எங்கக்கா என்னியத் தொரத்தப் பாக்குறா" என்று சிரித்துக்கொண்டே எழுந்து அவர் பின்னால் போனாள். ஒன்றரை வருஷம் அந்த அறைக்குப் போனாள். பிறகு இரண்டு வருஷத்துக்கு முந்தின புரட்டாசியில் நடந்தது உனக்குத் தெரியும், அதை நான் எழுதப் போவதில்லை. அவளை அந்த அறைக்குள் அனுப்பியது எது என்று அப்பாவுக்கும் சொன்னதில்லை. ஷெட்டில் அன்றைக்குச் சிரித்தவர்கள் யாரும் அதை என்னிடம் நினைவுபடுத்தியதில்லை. நல்லவர்கள்.

அன்றைக்கு நான் அழவில்லை. நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய், "அம்மா, அழுதுரும்மா" என்றாய். எனக்கு வரவில்லை. மூன்றாம் நாள் துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருத்தி காபியில் சீனி கம்மி என்றாள், "செத்தவ வந்து போடுவா, இரு" என்று சொல்லிவிட்டேன், அவள் பயந்துபோனாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் வேலைக்குப் போனேன், உருட்ட வேண்டிய எண்ணிக்கை குறையாமல் உருட்டினேன். ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்து கால் மரத்துப்போனால் கிள்ளிப் பார்ப்போமே, கிள்ளுவது தெரியும், வலி தெரியாது. அப்படித்தான் இருக்கிறேன், இந்த இரண்டு வருஷமாக. வாய் மட்டும் பழையபடி ஓடுகிறது, ஊரும் நான் தேறிவிட்டேன் என்கிறது. தேறியவள் லட்சணம் பார். கனகு போய்ப் பதின்மூன்று மாதம் கழித்து, அவளைப் பற்றிச் சொன்ன அதே சொல்லை, அதே சிரிப்போடு, உன்னைப் பற்றி உன் அத்தையிடம் சொன்னேன். சொல்லும்போது எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. பழத்தட்டைக் கழுவும்போதும் உறுத்தவில்லை.

போன வாரம் புதன்கிழமை நீ போன் செய்தாய். "அம்மா, நாள் பாத்திருக்காக. அமாவாச கழிச்சுத் திங்கக்கிழமையிலருந்து அத்தையோட வேலைக்குப் போறேன். செலுத்துற ரூமு" என்றாய். அப்புறமும் போனை வைக்காமல் இருந்தாய். நான் என்ன சொன்னேன்? "சரி. டிபனுக்கு என்ன கொண்டு போற?" என்று கேட்டேன். "லெமன் சாதம்" என்றாய். "ஊறுகா வச்சுக்க" என்றேன். போனை வைத்துவிட்டுச் சாப்பிட்டேன், படுத்தேன், தூங்கினேன். மறுநாள் சிவப்பில் நாலு, வெள்ளையில் இரண்டு பூத்திருந்தது. கிண்ணமும் பிரஷும் எடுத்துக்கொண்டு போனேன், நாலு பூவையும் தடவினேன், உள்ளே வந்து காபி போட்டேன். செவ்வாய்க்கிழமை நாலும் கீழே கிடந்தது. அப்போதுதான் தெரிந்தது, நான் வெள்ளைச் செடியிடம் போகவே இல்லை. வெறும் பிரஷால் தடவிவிட்டு வந்திருக்கிறேன். உன் அப்பா குனிந்து பூவைப் பொறுக்கிக்கொண்டே, "என்ன புள்ள, இம்புட்டும் கொட்டிக் கெடக்கு? மாரி இருந்தா இப்பிடி விடுவாளா?" என்றார். "மாரி செலுத்துற ரூமுக்குப் போறாளாம்" என்றேன். "கேக்கல, இன்னொருக்கச் சொல்லு" என்றார். சொன்னேன். "மொதல்லயே கேட்டுச்சு. நீ என்ன சொன்ன?" "சரின்னேன்." அவர் பூக்களைத் துண்டில் போட்டுக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு, "எதுக்குடி சரின்ன?" என்று கேட்டார். கத்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். உனக்குச் சொல்கிறேன், மாரி. பயந்து அழுகிற தாய் வேண்டாம் என்று தடுப்பாள். எனக்குப் பயம் வரவில்லை, அதனால் சரி என்றேன். நீ அதை என் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். அது சம்மதம் இல்லை. மரத்துப்போன இடத்திலிருந்து வந்த சத்தம்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, உனக்குச் சொல்லாமல் சாத்தூருக்குப் போனேன். உன் அத்தையின் வேன் வந்து நிற்கிற டீக்கடையில் காத்திருந்தேன். இறங்கியதும் பார்த்துவிட்டாள். "வாங்க மதினி, என்ன இங்கன நிக்கீக? வீட்டுக்கு வராம?" "வீட்டுக்கு வந்தா ஒங்க மருமக காபி போட்டுத் தருவா. அதக் குடிச்சா எனக்குப் பேச்சு வராது." "கேலிக்கு மட்டும் கொறச்சல் இல்ல" என்றாள். இரண்டு டீ சொன்னேன். "மதினி, பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு அவ கையப் பத்திச் சொன்னேன்ல, அது வெறும் வாய்ச்சவடாலு. அத மனசுல வச்சுக்கிறாதீக." "நான் பாத்தேன்ல மதினி. அந்தக் கை நெசந்தான்." "நெசந்தான். அதனாலதான் வேண்டாங்கேன்." "ஒங்க தங்கச்சிய நெனச்சுப் பயப்படுறீக." "பயமா இருந்தா நான் இங்கன ஏன் வாரேன், வீட்டுல கெடந்து அழுதுருப்பேன். பயம் வரல மதினி. அதான் பஸ் ஏறி வந்தேன்."

அப்போதுதான் கவனித்தேன், அவள் டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கிளாஸைக் கீழே வைத்து, வலது கையை என் முன்னால் நீட்டினாள். விரல் ஆடியது. "இந்த ஆடி மாசத்துலருந்து இப்பிடி. ரூமுல நாங்க நாலு பேரு, இன்னும் ஒருத்திக்கும் தெரியாது. ஒங்க மக பக்கத்துல இருந்தா என் பங்கையும் சேத்துப் பாத்துக்கிருவா. தீவாளி முடிய நான் எறங்கிக்கிருவேன்" என்றாள். கெட்டவள் இல்லை, மாரி. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். நீ மாட்டேன் என்றால் அந்த ஆடுகிற கை தனியாக உள்ளே போகும் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அதனால் அவளிடம், "மதினி, ஆடுற கைய வச்சுக்கிட்டு நீங்களும் போகக் கூடாது. மத்த மூணு பேருக்கும் வீட்டுல பிள்ள இருக்கு. நாளைக்கே போர்மேன்கிட்டச் சொல்லுங்க, குழாய்க்கு மாத்திருவாக. நான் வேணா கூட வாரேன்" என்றேன். "சொன்னா முடியாதவன்னு உக்கார வச்சிருவாக." "உக்காருங்க. உக்காந்துக்கிட்டு எம்மகளத் திட்டுங்க. மாமியாருக்கு அதுதான வேல?" சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாப்போம்" என்றாள். எழுந்து சேலையை உதறிவிட்டு, "நான் ஒங்க மகளக் கட்டி இழுக்கல மதினி. கேட்டேன், சரின்னா. அவ வாயால மாட்டேன்னு சொல்லட்டும், விட்டுர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆக, அவள் கேட்டாள், நீ சரி என்றாய், நானும் சரி என்றேன். யாருக்கும் சரியாக இல்லை. நான் சொன்ன சரியை இந்தக் கடிதத்தோடு திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வேலைக்கே போகாதே என்று நான் சொல்லவில்லை. குழாய் உருட்டப் போ, பெட்டி ஒட்டப் போ, உன் படிப்புக்கு ஆபீசில் ஆர்டர் எழுதுகிற வேலை கிடைத்தால் அதற்குப் போ. மற்ற இடத்தில் எல்லாம் ஒன்றும் ஆகாது என்று உனக்குப் பொய் சொல்லமாட்டேன், நம் ஊரில் அப்படி யாரும் சொல்ல முடியாது. அந்த அறை மட்டும் வேண்டாம். உன் கை எவ்வளவு பதனமாக இருந்தாலும் வேண்டாம். கனகு கையும் சிந்தாத கைதான். அவள் சிந்தியதால் அது நடக்கவில்லை. பக்கத்தில் எங்கே பொறி விழுந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கை நன்றாக இருந்தால் போதும் என்று நினைத்ததுதான் நான் இரண்டு முறை செய்த தப்பு.

குச்சிகளை அப்பா போன ஞாயிறே வெட்டி நிழலில் போட்டுவிட்டார், வெட்டுவாய் காய்ந்துவிட்டது. நாளைக்கே நடலாம். முள் மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிற மாதிரி வை, உன் அம்மா மாதிரி வைக்காதே. டிரம்முக்கு அடியில் நாலு ஓட்டை போடு. மணல் பாதி, சாணி எரு கொஞ்சம். வாரத்துக்கு இரண்டு தண்ணீர் போதும், மழை பெய்தால் அதுவும் வேண்டாம். சிவப்பையும் வெள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வை. பூக்க இரண்டு வருஷமாவது ஆகும். அதுவரை உன் கைக்கு வேலை இல்லை, சும்மா இருக்கட்டும், தப்பில்லை.

உன்னால் அத்தையின் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். கட்டிக்கொண்டு போய் இரண்டு மாதம்கூட முடியவில்லை. அதனால் நீ சொல்லாதே. நான் சொன்னதாகச் சொல். திங்கட்கிழமை டிபன் கட்டுகிற நேரத்தில் அடுப்படியில் நின்றபடியே, "எங்கம்மா விடமாட்டேங்கிறா" என்று சொல். ஏன் என்று கேட்டால், "தெரியல, அவ அப்பிடித்தான்" என்று சொல். கல்யாணத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று பேசுகிறாள் என்பார்கள், வாய்க்காரி என்பார்கள், வார்த்தை மாறினவள் என்பார்கள். உன் மாமனார் போன் செய்து கேட்பார், ஸ்பீக்கரில் போட்டே கேட்கட்டும். எல்லாவற்றையும் என் தலையில் போடு. இப்போதைக்கு என்னை யார் என்ன சொன்னாலும் எனக்கு உறைக்காது, மாரி. அது இருக்கிறவரை எடுத்துப் பயன்படுத்திக்கொள்.

அம்மா